பணம் கட்டும் முன் கணினியைக் கேளுங்கள்

போன மாதம் பெருநகர் என்ற ஊரிலிருந்து ஒரு தங்கை எங்கள் உத்திரமேரூர் கணினிக் கடைக்கு வந்திருந்தார். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தோளில் அவருடைய அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப். கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டியிருக்கிறார். வீட்டில் பழகுவதற்காக அதே மென்பொருளைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியிருக்கிறார். முதல் நாள் பாதியிலேயே டேட்டா தீர்ந்துவிட்டது. மறுநாள் ராத்திரி மறுபடி முதலிலிருந்து. இறக்கி முடித்து டபுள் கிளிக் செய்தால், இந்தச் செயலி உங்கள் கணினியில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

“அண்ணே, லேப்டாப் போயிடுச்சா?” என்றார். கண் கலங்கியிருந்தது.

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போய் ஒரு வரியைக் காட்டினேன். ‘32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு பிராசசர்’ என்று இருந்தது. கடையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் நான் அதிகம் பேருக்குப் படித்துக் காட்டிய வரி அதுதான். வரியின் பிற்பாதி, உள்ளே இருக்கும் பிராசசர் 64 பிட் வேலை செய்யக்கூடியது என்கிறது. முற்பாதி, அதன்மேல் யாரோ 32 பிட் விண்டோஸைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்கிறது. அவர் இறக்கியது 64 பிட்டுக்கான கோப்பு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் பெரும்பாலும் ஓடிவிடும். 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் ஓடவே ஓடாது. ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய விஷயத்துக்கு இரண்டு ராத்திரியும் டேட்டாவும் பறிபோயின.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் இறக்கும் முன், பணம் கட்டும் முன், அது உங்கள் கணினிக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும்.

முதலில் உங்கள் கணினியின் விவரத்தைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அமுக்கினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பிராசசர் பெயர், ராம் எவ்வளவு, சிஸ்டம் டைப் என்ற இடத்தில் எக்ஸ்64 என்றிருக்கிறதா எக்ஸ்86 என்றிருக்கிறதா, எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். எக்ஸ்86 என்றால் 32 பிட். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: 86 பெரிய எண்ணாயிற்றே, அதுதான் உசத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்து அதே சின்னப் பெட்டியில் வின்வெர் என்று தட்டினால் எந்த விண்டோஸ், அதில் எத்தனையாவது பதிப்பு என்று தெரியும். சி டிரைவில் எவ்வளவு இடம் காலி, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதற்குக் கீழேயே எஸ்எஸ்டி அல்லது எச்டிடி என்று எழுதியிருக்கும்.

திரை அளவையும் குறியுங்கள். யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் இதனால் படும் பாடு அதிகம். பழைய 14 அங்குல லேப்டாப்புகளில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிதான். சில வரைபட மென்பொருள்களும் பில் போடும் மென்பொருள்களும் இதைவிடப் பெரிய திரையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மென்பொருள் ஓடும். ஆனால் ‘ஓகே’ பட்டன் திரைக்குக் கீழே மறைந்துபோயிருக்கும். அதை அமுக்க முடியாமல், மென்பொருளே கெட்டுவிட்டது என்று தூக்கி வருகிறார்கள்.

இனி மென்பொருள் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஒழுங்கான நிறுவனம் எதுவும் ‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல் தரும். அதில் மினிமம், ரெகமண்டட் என்று இரண்டு பத்தி இருக்கும். மினிமம் என்பது திறக்கும் அளவு. ரெகமண்டட் என்பது வேலை செய்யும் அளவு. பட்டியல் 4 ஜிபி ராம் கேட்கிறது, உங்களிடமும் 4 ஜிபி இருக்கிறது என்றால் பொருத்தம் சரி என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த 4 ஜிபியில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொண்டிருக்கும். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மீதியும் போய்விடும். மினிமத்தைப் போல இரண்டு மடங்கு ராம் இருந்தால் தைரியமாகப் போடலாம் என்பது என் கணக்கு.

நம் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. அண்ணன் படித்து முடித்தது தம்பிக்கு வந்தது, தம்பி வேலைக்குப் போனதும் அப்பாவின் கடைக் கணக்குக்குப் போனது. பல வீடுகளில் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினியே அதுதான். அதைப் பழசு என்று தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. எதற்கு அது போதும், எதற்குப் போதாது என்று தெரிந்துகொண்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

போதாத இடத்துக்குச் சரியான உதாரணம் விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக் கணினிகள் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். அதற்குமேல் 11க்குத்தான் போக வேண்டும் என்று எல்லோரும் ஓடி வருகிறார்கள். 11 கேட்பது இவை: 64 பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூஈஎஃப்ஐ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இவ்வளவும் இருந்தாலும் பிராசசர் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும். ராமை ஏற்றலாம், டிஸ்க்கை மாற்றலாம். லேப்டாப்பின் பிராசசரைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. டிபிஎம் இருக்கிறதா என்று பார்க்க அதே சின்னப் பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி என்று தட்டுங்கள். அல்லது மைக்ரோசாஃப்டே தரும் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன நிரலைப் போட்டுப் பாருங்கள். எது இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றவும் முடியும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அந்தக் கணினியில் பேங்க் கணக்கைத் திறக்கிறீர்கள் என்றால் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

தகுதி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர் வாரியத்துக்கு வருபவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது என்று ஒரு பக்கம் தகுதிகள். மறுபக்கம், முந்தின மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது என்று விலக்குகள். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பெயர் குடத்துக்குள் போகும். கணினியில் நாம் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். என்ன இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம், என்ன இருக்கக் கூடாது என்று பார்ப்பதில்லை. 32 பிட் ஆஃபீஸ் ஏற்கெனவே இருக்கும் கணினியில் 64 பிட் ஆஃபீஸ் ஏறாது. முந்தையதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை ஒன்று தடுத்து, கணினி நகரவே நகராது. பழைய பதிப்பின் மிச்சம் மீதி இருந்தால் புதியது பாதியில் நிற்கும். போடும் முன் ‘ஆப்ஸ்’ பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள்.

போட்ட பிறகு, ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று வருவதும் பொருத்தக் குறைதான். விசிரன்டைம்140 என்ற பெயரை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரைத் தேடி, கண்ட இடத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி விண்டோஸ் ஃபோல்டருக்குள் போடாதீர்கள். வைரஸ் நுழையும் வாசல் அது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் சரியாகிவிடும். மென்பொருள் 32 பிட் என்றால், உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்86 தொகுப்பைத்தான் போட வேண்டும். இது தெரியாமல் எக்ஸ்64ஐ மட்டும் நாலு தடவை போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கணினியோடு இணைக்கும் கருவிகள். 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஓட்டும் என்றேன். டிரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும். இருபது வருஷத்து லேசர் பிரின்டருக்கு அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விண்டோஸை மாற்ற வேண்டும். நெல் மண்டியிலும் அரிசி மில்லிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்புத் திரை பில் மென்பொருள் இன்னொரு சிக்கல். அவற்றில் பல 16 பிட். 32 பிட் விண்டோஸில் ஓடும், 64 பிட்டில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் வைத்து ஓட்ட வேண்டியிருக்கும். எனவே பெருநகர் தங்கைக்குச் சொன்னதுபோல 64 பிட் விண்டோஸுக்கு மாறுங்கள் என்று மண்டிக்காரருக்கும் சொன்னால் அவர் வியாபாரம் அன்றைக்கே நின்றுவிடும். கணினி ஒரே மாதிரி என்றாலும் அதில் நடக்கும் வேலை வேறு. இதைக் கேட்காமல் எந்தக் கணினியிலும் கை வைப்பதில்லை.

இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆதார் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவிகளில் பழைய எல்0 வகை விலக்கப்பட்டு எல்1 வகைக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். கருவி புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கான ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு இருக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் இதே கதை. கருவி வாங்கும்போதே கடைக்காரரிடம் உங்கள் தாளைக் காட்டி, “இந்த விண்டோஸில் ஓடும்” என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

புது லேப்டாப் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்னாப்டிராகன் பிராசசரோடு விண்டோஸ் லேப்டாப்புகள் வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அவை ஆர்ம் வகை. வழக்கமான மென்பொருள்களை உள்ளே மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும், டிரைவரை அப்படி ஓட்டாது. பிரின்டர், கைரேகைக் கருவி, டோக்கன் எல்லாவற்றுக்கும் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

தமிழைப் பற்றி எந்த நிறுவனத்தின் பட்டியலும் சொல்லாது. நாமாகத்தான் சோதிக்க வேண்டும். பெருநகரில் தைப்பூசத்துக்குச் செய்யாற்றில் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் எழுந்தருளும். அந்தச் சமயத்தில் நோட்டீஸ், பேனர் அடிக்க டிடிபி கடைகளில் கூட்டம் நெரியும். ஒரு ஊர்க்காரர்கள் நோட்டீஸுக்கான வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். கடைத் தம்பி அதை எடுத்துத் தன் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினார். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். வாட்ஸ்அப்பில் வந்தது யூனிகோடு தமிழ். அந்த மென்பொருளோ யூனிகோடு பரவும் முன் செய்தது. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஓர் இடவரிசை வைத்திருந்த காலத்தது. தம்பி ராத்திரி உட்கார்ந்து மொத்தத்தையும் மறுபடி தட்டினார். அவசரத்தில் உபயதாரர் ஒருவரின் இனிஷியல் மாறிப்போனது. அந்த மனிதருக்கு ஏற்பட்ட வருத்தம் சின்னதல்ல.

அரைகுறையாக யூனிகோடு தெரிந்த மென்பொருள் இன்னும் ஆபத்து. கேள்விக்குறி வராது, எழுத்தும் வரும், ஆனால் ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் வந்து நிற்கும். ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறும். கணினிக்குள் யூனிகோடு தமிழ் மெய்யெழுத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும்தான் வைத்திருக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் அப்படியே துப்பிவிடும். இன்டிசைனில்கூட வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் நேராக வரும்.

எனவே வாங்கும் முன் சோதனைப் பதிப்பில் ‘ஸ்ரீ கௌரி தொழிற்கூடம், பெருநகர்’ என்று தட்டுங்கள். ஸ்ரீ ஒரே எழுத்தாக நிற்கிறதா, கௌவும் தொவும் உடையாமல் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு அதைப் பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃபில் பெருநகர் என்ற சொல்லைத் தேடுங்கள். கிடைத்தால் பெரும்பாலும் கவலையில்லை. பில் போடும் மென்பொருள் என்றால் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டி, உங்கள் பிரின்டரிலேயே ஒரு பில் எடுத்துப் பாருங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் கட்டம் கட்டமாக வருவதும் உண்டு, குறிப்பாகச் சின்ன தெர்மல் பிரின்டர்களில். உங்கள் தமிழ்99 விசைப்பலகை அந்த மென்பொருளுக்குள் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்டது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ராம் குறைந்த பழைய கணினிக்கு இன்றும் ஓர் இலகுவான லினக்ஸ் நல்ல வழி. அங்கேயும் பொருத்தம் பார்க்க வேண்டும், ஆனால் விண்டோஸைவிட எளிது. டெர்மினலில் யூநேம் என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு எம் போடுங்கள். விடையில் 64 என்று வந்தால் 64 பிட். ஐ686 என்று வந்தால் 32 பிட். 32 பிட்டாக இருந்தால் தேர்வு குறைந்துகொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினியில் புதிதாக நிறுவுவதை நிறுத்திவிட்டது.

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒத்திகை. ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் கழித்தல் குறியோடு எஸ் சேர்த்தால், எதையும் போடாமல், போட்டால் என்னென்ன கூட வரும், என்னென்ன நீக்கப்படும் என்று பட்டியல் மட்டும் காட்டும். நீக்கப்படும் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். ஒரு சின்ன மென்பொருளுக்காக டெஸ்க்டாப்பையே கழற்றப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஜிலிப்சி என்ற அடிப்படைத் தொகுப்பின் பதிப்பு போதாது என்று பிழை வந்தால், உங்கள் லினக்ஸுக்குப் பிந்திய ஒன்றுக்காகத் தயாரித்த மென்பொருளை எடுத்திருக்கிறீர்கள். ஜிலிப்சியை மட்டும் பிடுங்கிப் புதிதாக்க முயலாதீர்கள். மொத்தக் கணினியும் அதன்மேல் நிற்கிறது. உங்கள் பதிப்புக்கான தொகுப்பைத் தேடுங்கள், அல்லது ஃபிளாட்பேக் வடிவில் எடுங்கள். லினக்ஸே உங்கள் கணினிக்கு ஒத்துவருமா என்று தெரிய, பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டி, வைஃபை, சத்தம், பிரின்டர் மூன்றையும் பார்த்தால் போதும். உள்ளே இருக்கும் எதுவும் கலையாது.

அந்தத் தங்கையின் லேப்டாப்பில் இருந்தது 2 ஜிபி ராம். 4 ஜிபி சேர்த்தோம், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டோம். 32 பிட் விண்டோஸை அப்படியே 64 ஆக உயர்த்த முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். எனவே அவருடைய அண்ணனின் கல்லூரி போட்டோக்களையும் அவருடைய பாடங்களையும் முதலில் வேறு டிரைவில் எடுத்து வைத்தோம். போட்டோக்களைத் திறந்து பார்த்துச் சரி என்று அவரே சொன்ன பிறகுதான் அழித்தேன். மென்பொருள் இப்போது ஓடுகிறது.

மென்பொருள் விற்பவர்களையும் பயிற்சி மையம் நடத்துபவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் வாங்கும் முன் ‘எந்தக் கணினியில் ஓடும்’ என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பெருநகரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. வாசகர்களுக்கு: கடைக்கு லேப்டாப்பைத் தூக்கி வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, பிராசசர், ராம், பிட், விண்டோஸ் பதிப்பு, காலியிடம், திரை அளவு என்று இந்த ஆறும் எழுதிய தாளை எடுத்து வாருங்கள். போனில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.